கினிப்பன்றிக்கு ஆயுசு ரெண்டு வருஷம்தானா? - குன்னூர் சொன்ன கதை

மக்களே, பேர்லேர்ந்தே ஆரம்பிப்போம். கினிப்பன்றி கினி நாட்டுலேர்ந்து வந்ததும் இல்லை, பன்றியும் இல்லை. எலி, அணில் மாதிரி கொறிக்கிற ஜாதி. சொந்த ஊர் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. பிரெஞ்சுக்காரர்கள் இதை 'இந்தியப் பன்றி' என்கிறார்கள். போர்ச்சுகீசியருக்கு இது 'இந்தியாவின் குட்டிப்பன்றி'. ஜெர்மானியர்கள் 'கடல் குட்டிப்பன்றி'ன்னுட்டாங்க. கொலம்பஸ் போய் இறங்கின இடத்தை இந்தியான்னு நினைச்சுக்கிட்டாரில்ல, அந்தக் குழப்பத்துல நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பிராணி நம்ம நாட்டுப் பேரைச் சுமந்துக்கிட்டு அலையுது. நம்ம பழைய தமிழ் அகராதிக்காரங்க 'சீமைப் பெருச்சாளி'ன்னு போட்டாங்க. சீமையிலேர்ந்து வந்தது, பெருச்சாளி மாதிரி இருக்கு, அவ்வளவுதான். இருக்கிறதுலயே நேர்மையான பேர் இதுதான்னு நினைக்கிறேன் :-)

இப்ப எதுக்கு இந்தப் பேச்சுன்னா, புதுக்கோட்டையில எங்க தெருவுலயே மூணு வீட்டுல இது வளருது. லவ் பேர்ட்ஸ், கலர் மீன், முயல் எல்லாம் போய் இப்ப இதுதான் பிள்ளைகளுக்கு ஆசை. எதிர்வீட்டுப் பாப்பாவோட ஜோடியில ஒண்ணு அக்னி நட்சத்திரத்துல ஒரே மத்தியானத்துல போயிடுச்சு. இன்னொண்ணு ஒண்ணரை வயசுல பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்து, தீனி எடுக்காம, ஈறுல ரத்தம் கசிஞ்சு செத்துச்சு. வித்த கடைக்காரர்கிட்ட கேட்டா, "இதுக்கு ஆயுசே ரெண்டு வருஷம்தாம்மா, அதுக்கு மேல இருக்காது"ன்னு சொல்லிட்டாராம். பாப்பா என்கிட்ட வந்து, "மாமா, நெஜமாவா?"ன்னு கேட்டுச்சு.

நெஜம் இல்லை. அந்த ரெண்டாவது சாவுக்கான காரணம் நூறு வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்சுபோன ஒண்ணு. அதுவும் எங்கயோ அமெரிக்காவுல இல்லை. நம்ம குன்னூர்லயே அதை ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. அந்தக் கதையைத்தான் எழுதப்போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

மலைக்கு வாழ்க்கைப்பட்ட பிராணி

பெரு, பொலிவியா, ஈக்வடார் பக்கத்து மலை மக்கள் இதைப் பழக்கி வீட்டுப் பிராணி ஆக்கிச் சில ஆயிரம் வருஷம் ஆச்சு. நாம கோழி வளர்க்கிற மாதிரி அவங்க அடுப்படியிலயே வளர்த்தாங்க. செல்லத்துக்கு இல்லை, சாப்பிட. அவங்க மொழியில பேர் 'குய்'. போடுற சத்தமே பேர் ஆகிடுச்சுன்னு சொல்வாங்க. இன்னைக்கும் அங்கே விருந்துன்னா குய் வறுவல் உண்டு. பெருவின் குஸ்கோ தேவாலயத்துல 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் மார்கோஸ் சபாட்டா வரைஞ்ச 'கடைசி இரவு உணவு' படம் ஒண்ணு இருக்கு. ஏசுநாதர் முன்னாடி தட்டுல இருக்கிறது குய்தான்னு அந்த ஊர்க்காரங்க பெருமையாச் சொல்றாங்க.

16-ஆம் நூற்றாண்டுல ஸ்பானிஷ்காரன் கப்பல்ல ஐரோப்பா போச்சு. 1580 வாக்குல வரைஞ்ச ஓர் இங்கிலாந்து ஓவியத்துல ஒரு சின்னப் பொண்ணு கையில கினிப்பன்றி இருக்கு. செல்லப்பிராணியா இதைக் காட்டுற மிகப் பழைய படங்கள்ல அது ஒண்ணு. மலையில சாப்பாடா இருந்தது, சீமையில பிரபு வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டுப் பொருள் ஆச்சு.

அடுத்த பதவி உயர்வு சோதனைக்கூடம். 1780-கள்ல லவாய்சியரும் லாப்லாஸும் ஒரு பாத்திரத்துல கினிப்பன்றியை வச்சு, சுத்தி ஐஸ் வச்சு, எவ்வளவு உருகுதுன்னு அளந்தாங்க. உயிர் மூச்சும் ஒருவகை மெல்லிய எரிதல்தான்னு அதுலேர்ந்துதான் சொன்னாங்க. 1882-ல ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிச்சதும் இது மேலதான். நாம 'சோதனை எலி'ன்னு சொல்றதை இங்கிலீஷ்காரன் கினிப்பன்றின்னு சொல்றது சும்மா இல்லை.

நார்வேயில் தேடினது ஒண்ணு, கிடைச்சது ஒண்ணு

1907. நார்வே நாட்டுக் கப்பல் தொழிலாளிகளுக்கு ஒருவித பெரிபெரி நோய். காரணம் கண்டுபிடிக்க ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக்னு ரெண்டு பேர் கினிப்பன்றிக்கு வெறும் தானியமும் ரொட்டியும் போட்டு வளர்த்தாங்க. புறாவுக்கு வர்ற மாதிரி பெரிபெரி வரும்னு எதிர்பார்த்தாங்க. வரலை. அதுக்குப் பதிலா ஈறு வீங்குச்சு, மூட்டுல ரத்தம் கட்டுச்சு, பல் ஆடுச்சு. பார்த்தா ஸ்கர்வி! மாலுமிகளைக் கூட்டம் கூட்டமாக் கொன்ன அதே நோய். முட்டைக்கோஸ், எலுமிச்சைச்சாறு கொடுத்தா சரியாகுது.

இதுல அதிர்ஷ்டம் என்னன்னா, எலி, முயல், நாய், ஆடு, மாடு எதுக்கும் இந்த நோய் சாதாரணமா வராது. அதுங்க உடம்பே வைட்டமின் சி-யைத் தயாரிச்சுக்கும். தயாரிக்கிற கடைசி என்சைம் நமக்கு இல்லை. குரங்குக்கு இல்லை. சில வவ்வாலுக்கு இல்லை. கினிப்பன்றிக்கும் இல்லை. அவங்க எலியை எடுத்திருந்தா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது.

ஆக, ஸ்கர்வி விஷயத்துல கினிப்பன்றியும் நாமும் பங்காளிங்க. சி சத்து துளிகூட இல்லாத தீனி போட்டா ரெண்டு மூணு வாரத்துல நோய் தெரியும். அப்படியே விட்டா ஒரு மாசத்துக்குள்ள உயிர் போயிடும். கொஞ்சமாக் கிடைச்சா சாவு தள்ளிப்போகும், அவ்வளவுதான். எதிர்வீட்டுக் கினிப்பன்றி காலை இழுத்து நடந்தது வயசானதால இல்லை.

கூத் முற்றுகையும் முளைகட்டின பயறும்

இதுல நம்ம ஆளுங்க உயிரும் சம்பந்தப்பட்டிருக்கு. முதல் உலகப்போர்ல மெசபடோமியாவுல, இப்போதைய ஈராக்குல, கூத் என்ற ஊர்ல பிரிட்டிஷ்-இந்தியப் படை 1915 டிசம்பர்லேர்ந்து 1916 ஏப்ரல் வரைக்கும் துருக்கியரிடம் மாட்டிக்கிச்சு. சாப்பாடு தீர்ந்துபோச்சு. வெள்ளைச் சிப்பாய்ங்க வெள்ளை ரொட்டி தின்னு பெரிபெரியில விழுந்தாங்க. பிறகு குதிரைக்கறி தின்னாங்க. ஆட்டாவும் பருப்பும் சாப்பிட்ட இந்தியச் சிப்பாய்களுக்குப் பெரிபெரி வரலை. ஆனா காய்கறி இல்லாம, பெரும்பாலானவங்க குதிரைக்கறியும் தொடாம, ஸ்கர்வி பிடிச்சுக்கிச்சு.

பாலைவனத்துக்கு எலுமிச்சம்பழம் யார் கொண்டுபோறது? லண்டன் லிஸ்டர் ஆய்வகத்துல ஹேரியட் சிக், மார்கரெட் ஹ்யூம் என்ற ரெண்டு பெண் விஞ்ஞானிகள் இதைக் கையிலெடுத்தாங்க. எந்த உணவுல ஸ்கர்வியைத் தடுக்கிற சக்தி எவ்வளவு இருக்குன்னு கினிப்பன்றிக்குக் கொடுத்துக் கொடுத்து அளந்தாங்க. காஞ்ச பருப்புல அந்தச் சக்தி கிட்டத்தட்ட இல்லை. அதே பருப்பை ஊறவச்சு முளைகட்டினா சக்தி வந்துடுது! மூட்டை மூட்டையா முழுப் பயறு கொண்டுபோய் போர்முனையில முளைகட்டிச் சிப்பாய்க்குக் கொடுக்கச் சொன்னாங்க. பிரிட்டிஷ் கப்பற்படை நம்பியிருந்த லைம் சாறு, லெமன் சாறோட சக்தியில கால்பங்குதான்னும் 1918-ல அவங்கதான் காட்டினாங்க.

நம்ம பாட்டிங்க பயறு முளைகட்டினது எந்த ஆய்வகத்தைக் கேட்டு? ஆனா ஏன் நல்லதுன்னு எடை போட்டுச் சொன்னது கினிப்பன்றி. இன்னைக்கு நம்ம மாவட்டத்துல வம்பன்ல தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கு. வம்பன்-ன்னு நம்பர் போட்டு உளுந்து, பாசிப்பயறு விதை வெளியிடுறாங்களே, அதுதான். அந்தப் பக்கம் போறப்பல்லாம் எனக்கு இந்தக் கூத் கதை ஞாபகம் வரும். (ஹேரியட் சிக் 1977-ல காலமானாங்க. வயசு 102. கீரை, காய் ஒழுங்காச் சாப்பிட்டிருப்பாங்க போல!)

குன்னூர் ஒற்றை அறை

1918. குன்னூர் பாஸ்டியர் ஆய்வகத்துல ஒரே ஓர் அறையில ராபர்ட் மெக்காரிசன் என்ற அயர்லாந்துக்கார ராணுவ மருத்துவர் சத்துக்குறைவு ஆராய்ச்சியை ஆரம்பிச்சார். நாய்க்கடி மருந்துக்குப் பேர்போன அந்த பாஸ்டியர் ஆய்வகம் 1907-லயே வந்தாச்சு. மெக்காரிசன் புறா வளர்த்தார், சென்னை மாகாணத்துக் காட்டுக் குரங்குகளை வளர்த்தார், கினிப்பன்றியும் வளர்த்தார்.

கினிப்பன்றிகளுக்கு ஓட்ஸும், அழுத்தத்துல காய்ச்சிச் சத்து போன பாலும் மட்டும் கொடுத்தார். அப்புறம் அறுத்துப் பார்த்தார். ஈறும் மூட்டும் கெடுறது நமக்குக் கண்ணுக்குத் தெரியும். அவர் பார்த்தது உள்ளுறுப்பை. சிறுநீர்ப்பையில ரத்தக்கசிவு, குடல்ல புண், சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி இருக்கிற அட்ரீனல் சுரப்பியில வீக்கமும் ரத்தமும். முக்கியமான விஷயம்: வெளியே நோய் தெரியறதுக்கு முன்னாடியே உள்ளே சேதம் ஆரம்பிச்சுடுது. 1919 வாக்குல இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழ்ல இதையெல்லாம் எழுதினார். 1921-ல புத்தகமாவும் வந்தது.

இதைப் படிச்சப்ப எனக்கு உறைச்சது இதுதான். 'நேத்துவரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு, திடீர்னு போயிடுச்சு'ன்னு சொல்றோமே, பலதுல திடீர்னு எதுவும் இல்லை. உள்ளே பல நாளா நடந்துக்கிட்டிருந்தது நேத்துதான் வெளியே தெரிஞ்சிருக்கு.

1923-ல செலவைக் குறைக்கிறோம்னு அரசாங்கம் அந்த ஆராய்ச்சியை மூடிச்சு. 1925-ல திரும்பத் தொடங்கி, 1928-ல 'ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம்' ஆச்சு. பிறகு மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் போட்டுப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்னு சாப்பிட்ட 'சீக்கியர் சாப்பாட்டு' எலிகள் கொழுகொழு. தீட்டின அரிசியை நம்பின 'மதராஸி சாப்பாட்டு' எலிகள் கடைசி இடம். நம்ம மானமே போச்சு! எலிக்கு ஆனதை வச்சு மனுஷனை 'வீர இனம்', 'சோப்ளாங்கி இனம்'னு பிரிக்கிற அந்தக்கால வெள்ளைக்காரப் புத்தி அதுல கலந்திருக்குன்னு எனக்குத் தோணும். தவிர, மெட்ராஸ்ல பாலும் காயும் வாங்க வக்கில்லாதவன் சாப்பாட்டைத்தானே 'மதராஸி சாப்பாடு'ன்னாங்க? ஆனா ஆயுசைப் பிறவியைவிடத் தட்டு அதிகமாத் தீர்மானிக்கும் என்ற அடிப்படைக் கருத்து நின்னுடுச்சு.

1935-ல அவருக்குப் பிறகு அய்க்ராய்ட் வந்தார். 1937-ல இந்திய உணவுகள்ல எதுல எவ்வளவு சத்துன்னு ஒரு கையேடு குன்னூர்லேர்ந்து வந்தது. 1958-ல கூடம் ஹைதராபாத் போச்சு. 1969-ல தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்னு பேர் மாறிச்சு. 'நெல்லிக்காயில் 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் வைட்டமின் சி'ன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அந்த மாதிரிக் கணக்கு எல்லாம் இந்த வழியில வந்ததுதான். பிந்திய அளவீடுகள்ல நெல்லி இதைவிடக் குறைவாத்தான் வருது. ஆனாலும் ராஜா ராஜாதான். 1939-40 ஹிஸ்ஸார் பஞ்சத்துல மனுஷங்களுக்கு ஸ்கர்வி வந்தப்ப நெல்லிக்காய்ப் பொடியால காப்பாத்தியிருக்காங்க.

இதுக்கு நடுவுல, 1932-ல ஹங்கேரியில செயின்ட்-ஜியோர்கி, தான் பிரிச்செடுத்த பொருள்தான் வைட்டமின் சி-ன்னு நிரூபிச்சதும் கினிப்பன்றிகளை வச்சுத்தான். 1937-ல அவருக்கு நோபல் பரிசு. கினிப்பன்றிக்கு ஒண்ணும் இல்லை.

சென்னையும் இதுல உண்டு

காசநோய்க்கு ஆஸ்பத்திரியில படுக்க வேண்டாம், வீட்டுலேர்ந்தே மருந்து சாப்பிடலாம்னு 1959-ல உலகத்துக்கே காட்டினது சென்னை ஆராய்ச்சி மையம். அதுக்கு அடுத்த வருஷம் வந்த ஓர் ஆய்வுல, தென்னிந்திய நோயாளிகள்கிட்ட எடுத்த கிருமியையும் பிரிட்டிஷ் நோயாளிகள்கிட்ட எடுத்த கிருமியையும் கினிப்பன்றிக்குச் செலுத்திப் பார்த்தாங்க. தென்னிந்தியக் கிருமி பலது வீரியம் குறைஞ்சதா இருந்தது. பார்மஸி படிச்ச நண்பர்களுக்கு இன்னொண்ணு ஞாபகம் இருக்கும்: ஹிஸ்டமின் சோதனைக்குக் கினிப்பன்றிச் சிறுகுடல் துண்டு.

இந்தப் பிராணிகளுக்கும் ஒரு குரல் நம்ம ஊர்லேர்ந்துதான் வந்தது. கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் 1950-களின் தொடக்கத்துல ராஜ்யசபாவுல பிராணிவதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தாங்க. அரசே கொண்டுவரும்னு நேரு வாக்குக் கொடுத்து, 1960-ல சட்டம் ஆச்சு. ஆராய்ச்சிப் பிராணிகளைக் கண்காணிக்கக் குழு அமைக்க வழி பண்ணினதும் அந்தச் சட்டம்தான்.

பென்சிலின் என்ற எமன்

இதைக் கட்டாயம் சொல்லணும். 1940 மே மாசம் ஆக்ஸ்போர்டுல பென்சிலினைச் சுண்டெலிகளுக்குப் போட்டுப் பார்த்தாங்க, பிழைச்சுது. 1943-ல கினிப்பன்றிக்குப் போட்டா செத்துப்போகுதுன்னு தெரிஞ்சுது. அதோட குடல்ல இருக்கிற நல்ல கிருமிகளை மருந்து அழிச்சுட, விஷக்கிருமி பெருகிடும். முதல்லயே கினிப்பன்றிக்குப் போட்டிருந்தா பென்சிலின் கதையே மாறியிருக்கலாம்னு சொல்றவங்க உண்டு.

நம்ம வீட்டுல நடக்கிறது என்ன? தும்முதுன்னு, பிள்ளைக்கு வாங்கின அமாக்சிசிலின் சிரப்புல ரெண்டு சொட்டு விடுறோம். அதுவும் பென்சிலின் குடும்பம். தயவுசெஞ்சு பண்ணாதீங்க. நம்ம பக்கத்துக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, கொஞ்சம் தூரமானாலும் தூக்கிட்டுப் போங்க.

சரி, எத்தனை வருஷம்?

நல்லா வச்சிருந்தா 5-லேர்ந்து 8 வருஷம். கின்னஸ் கணக்குல இங்கிலாந்தின் 'ஸ்நோபால்' 14 வருஷம் 10 மாசம் வாழ்ந்து 1979-ல செத்துச்சு. நடைமுறையில அவ்வளவு இல்லை. மருத்துவர்கிட்ட காட்டப்படுற இங்கிலாந்துக் கினிப்பன்றிகளே சராசரியா 4 வருஷம்தான் இருக்குன்னு சமீபத்திய ஆய்வு ஒண்ணு சொல்லுது. ஆனா 'ரெண்டு வருஷம்தான் விதி'ன்னு சொல்றதுக்கு எந்த ஆதாரமும் இல்லை.

புதுக்கோட்டையில ஆயுசைக் குறைக்கிறது எதெல்லாம்னு என் கணக்கு:

1. வெயில். இது ஆண்டிஸ் குளிர்ல உருவான உடம்பு. 18-லேர்ந்து 26 டிகிரிக்குள்ள சுகம். 30-ஐத் தாண்டினாலே ஆபத்து. குன்னூர் 1,850 மீட்டர் உயரத்துல இருக்கு, அதுக்குச் சொந்த ஊர் மாதிரி. நம்ம ஊர்ச் செம்புறாங்கல் பூமி சித்திரையில 38, 39-னு கொதிக்கும். தகரக்கூரை, மொட்டைமாடி, வெயில் படுற ஜன்னல் இது மூணும் எமன். கீழ்த்தளம், ஈரச்சாக்கு, மண்பானைத் தண்ணி, தரையில ஒரு ஈர டைல்ஸ் - இவ்வளவாவது வேணும்.

2. முயல் தீனி. கடையில கொடுக்கிற உருண்டைத் தீனி பெரும்பாலும் முயலுக்குச் செஞ்சது. முயலுக்கு வைட்டமின் சி வெளியே வேண்டாம், அதனால அதுல இருக்காது. கினிப்பன்றிக்குன்னே செஞ்சதுலயும் மூட்டை நாள்பட நாள்பட சத்து போயிடும்.

3. புல் இல்லாமை. பல் வாழ்நாள் முழுக்க வளரும். புல் மென்னாத்தான் தேயும். தேயாம வளர்ந்தா வாயை மூட முடியாம பட்டினி. மாட்டுக்கு வளர்க்கிற கினிப்புல் இதுக்கு அருமை. (அந்தப் புல் நெஜமாவே ஆப்பிரிக்கப் புல்!) மருந்து அடிக்காததாப் பார்த்து வாங்குங்க.

4. ஜோடியா விக்கிறது. குட்டி ஒரு மாசத்துலயே சினை பிடிக்கிற அளவுக்கு வந்துடும். அது சின்ன வயசுல ஆபத்து. அதே சமயம் முதல் பிரசவம் ஏழெட்டு மாசத்துக்கு மேல தள்ளிப்போனா இடுப்பெலும்பு இறுகி, குட்டி வெளியே வராம தாயும் சாகும். ரெண்டு பெட்டை, இல்லைன்னா ரெண்டு ஆண் வாங்குங்க. தனியா ஒண்ணு வேண்டாம், ஏங்கிப்போயிடும்.

5. முயலோட ஒரே கூண்டு. முயலுக்கு ஒண்ணும் பண்ணாத ஒரு சுவாசக் கிருமி இதுக்கு நிமோனியா ஆகிடும்.

இப்ப செலவைப் பார்ப்போம். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 10-லேர்ந்து 30 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். நெல்லிக்காயில சுண்டுவிரல் நுனி அளவு ரெண்டு துண்டு. புளிப்பு பிடிக்கலைன்னா கொத்தமல்லித்தழை ஒரு சின்னக் கைப்பிடி. அதுவும் இல்லைன்னா கொய்யா ஒரு சின்னத் துண்டு, குடைமிளகாய் ஒரு கீற்று, கொஞ்சம் முளைகட்டின பயறு. காய்கறிக் கடையில கொசுறாக் கொடுக்கிற மல்லித்தழைதான் அஞ்சு வருஷ ஆயுசுக்கும் ஒண்ணரை வருஷ ஆயுசுக்கும் நடுவுல நிக்குது. அதை நினைச்சாத்தான் மனசு ஆறலை.

நெல்லிக்கனி தின்னா ஆயுசு கூடும்னு அதியமான் ஔவைக்குக் கொடுத்த ஊர் இது. அது கதையோ நிஜமோ, கினிப்பன்றி விஷயத்துல அப்படியே உண்மை. எந்தச் சத்தால நமக்கு ஸ்கர்வி வராதுன்னு ஆயிரக்கணக்குல செத்துக் காட்டின பிராணி, அதே சத்து இல்லாம நம்ம வீட்டுக் கூண்டுலயே சாகறது எந்த ஊர் நியாயம்?

உங்க ஊர்க் கடைகள்ல இதுக்கு எத்தனை வருஷம் ஆயுசுன்னு சொல்லி விக்கிறாங்க? ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் வளர்க்கிற நண்பர்கள் இருந்தா உங்க வீட்டுதுக்கு என்ன வயசுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. மலைக்கும் சமவெளிக்கும் எவ்வளவு வித்தியாசம்னு ஒரு பட்டியல் போட்டுடலாம். எதிர்வீட்டுப் பாப்பா அடுத்த ஜோடி கேட்டு நச்சரிக்க ஆரம்பிச்சாச்சு. அதுக்குள்ள பட்டியல் ரெடியாகணும்!